கரு இருக்கு, உரி எங்கே?

கடைசிப் பருவத்தில் ஆய்வேட்டுக்குப் பதிலாகக் கவிதைத் தொகுப்பு கொடுக்கலாம் என்று எங்கள் தமிழ்த்துறையில் சொன்னார்கள். சொந்தக் கவிதைகள், அவற்றுக்கு முன்னால் 15 பக்க முன்னுரை. யார் யாரைப் படித்தோம், எந்தக் கோட்பாடு கைகொடுத்தது என்பதெல்லாம் முன்னுரையில் வர வேண்டும். 60 பக்கம் டைப் அடிப்பதைவிட இது லேசு என்று கை தூக்கினேன்.

வீடு காசிமேடு. அம்மாவுக்கு மீன் வியாபாரம். ஆக, கடலும் கரையுமான நெய்தல்தான் என்று முடிவு செய்ய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று வாரத்தில் 17 கவிதை முடிந்தது. வலை, ஐஸ் பெட்டி, விடியுமுன்னே நடக்கிற ஏலம், டீசல் நாற்றம், வஞ்சிரத்தின் கண், செதில் ஒட்டிய அம்மாவின் வளையல், எதையும் விடவில்லை. இனி நாலு கோட்பாட்டைத் தேடிப் பிடித்து முன்னால் ஒட்டினால் போதும் என்பது என் கணக்கு.

தேடலைப் போனில் தொடங்கியதுதான் முதல் கோளாறு. பாரதி சொன்னதாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த நாலு வரியை முன்னுரையின் தலையில் வைத்தேன். நெறியாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம்?" எழும்பூர் கன்னிமாராவில் உட்கார்ந்து, சீனி. விசுவநாதன் காலவரிசைப்படி பதிப்பித்த பாரதி தொகுதிகளை இரண்டு நாள் புரட்டினேன். என் கண்ணில் அந்த நாலு வரி படவேயில்லை. பாரதி எழுதாத வரிக்காக பஸ் காசு செலவானதுதான் மிச்சம் என்று அப்போது எரிச்சல். ஆனால் தேடுகிற சாக்கில் வசன கவிதையில் காற்றைப் பற்றி அவர் எழுதியதை முதல்முறையாக முழுதாகப் படித்தேன். அதுவரை பாடப்புத்தகத்தில் இருந்த அளவுதான் எனக்குத் தெரியும்.

கன்னிமாரா 1896-இல் திறந்தது. நாட்டில் அச்சாகிற நூல்களில் ஒரு படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. அந்தப் படிகளை வீட்டுக்குத் தர மாட்டார்கள், உட்கார்ந்துதான் குறிப்பெடுக்க வேண்டும். ஒரு வகையில் நல்லதுதான். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்த எதையும் நான் இதுவரை படித்ததில்லை. சங்கப் பாடல்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும் ராத்திரி எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் படிக்கலாம்.

என் 17 கவிதைகளையும் படித்துவிட்டு நெறியாளர் நிமிர்ந்தார். "கரு நிறைய இருக்கும்மா. உரி எங்கே?"

முதல், கரு, உரி. நிலமும் பொழுதும் முதல். அந்த நிலத்துத் தெய்வம், உணவு, பறவை, தொழில் எல்லாம் கரு. மனசுக்குள் நடப்பது உரி. நெய்தலுக்கு உரி இரங்கல். பள்ளிக்கூடத்திலேயே கட்டம் போட்டு மனப்பாடம் செய்ததுதான். கட்டத்தில் படித்ததாலோ என்னவோ, மூன்றும் ஒரே எடை என்று நினைத்திருந்தேன். தொல்காப்பிய நூற்பாவை அன்றைக்குத்தான் நிதானமாக வாசித்தேன்:

முதல்கரு உரிப்பொருள் என்ற மூன்றே
நுவலுங் காலை முறைசிறந் தனவே
பாடலுள் பயின்றவை நாடுங் காலை

"முறைசிறந்தன" என்றால் முதலைவிடக் கரு உசத்தி, கருவைவிட உரி உசத்தி என்று உரை போகிறது. என் கவிதைகள் நடுப்படியிலேயே கடை விரித்து உட்கார்ந்திருந்தன. மூன்றாவது அடி இன்னும் குத்தியது. பாடல்களில் பயின்று வந்ததை ஆராய்ந்து பார்த்தால் இப்படி என்கிறது. அப்படியென்றால் பாட்டு முந்தி, இலக்கணம் பிந்தி. நானோ பாடல்களைப் படிக்காமலே இலக்கணத்தை மட்டும் கடன் வாங்கப் போயிருக்கிறேன்.

அப்புறம் ஒரு மாசம் படிப்புதான். ஐங்குறுநூற்றில் அம்மூவனாரின் நெய்தல் நூறு, அதன்பின் குறுந்தொகையில் நெய்தல் பாட்டுகள் மட்டும். 290-ஆம் பாட்டில் நின்றுவிட்டேன். காதலரைக் காணாவிட்டால் நான் "கல்பொரு சிறுநுரை போல மெல்ல மெல்ல" இல்லாமல் போவேன் என்கிறாள் தலைவி. கல்லில் மோதும் நுரை, அவ்வளவுதான் கடல். படகு இல்லை, வலை இல்லை, மீன் இல்லை. எழுதியவரின் சொந்தப் பெயர்கூடத் தொலைந்துபோய், அந்த உவமையை வைத்தே கல்பொரு சிறுநுரையார் என்கிறார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்களே, அதில் நுரை உடைவதை ஷேர் ஆட்டோவில் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். 17 கவிதையில் ஒன்றிலும் அது வரவில்லை.

புதுக்கவிதைப் பக்கம் சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' இதழ், அதிலிருந்து 1962-இல் வந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பு, ந. பிச்சமூர்த்தியின் கவிதைகள், 1971-இல் கோவையில் பிறந்த 'வானம்பாடி' இதழ் என்று வரிசையாகக் குறிப்பெடுத்தேன். டி.எஸ். எலியட் 1919-இல் ஹாம்லெட் பற்றி எழுதிய கட்டுரையையும் இழுத்துவந்து, உணர்ச்சியைப் பொருள்களால் காட்டச் சொல்லும் அவருடைய கருத்தைக் கருப்பொருளோடு ஒப்பிட்டு இரண்டு பக்கம் நிரப்பினேன். நெறியாளர் அந்த இரண்டு பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். "இதனால உன் எந்தக் கவிதை மாறிச்சு?" பதில் இல்லை. இப்போதும் அந்த ஒப்பீடு தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். என் முன்னுரையில் அதற்கு வேலை இல்லை, அவ்வளவே.

மாறிய கவிதை ஒன்று உண்டு. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். அதைப் பற்றி 40 வரி எழுதியிருந்தேன், பாதி படகுகளின் வர்ணனை. அதை அடித்துவிட்டு, அம்மா கம்மலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிவதையும், காலி மீன் கூடையைக் கழுவிக் கவிழ்ப்பதையும் மட்டும் வைத்தேன். ஏழு வரி. கடைசியில் 17-இல் மிஞ்சியது ஒன்பது.

வைவாவில் வெளியிலிருந்து வந்த ஐயா எற்பாட்டைப் பிடித்தார். நெய்தலுக்குச் சொன்ன பொழுது அது, சூரியன் சாய்கிற நேரம். "உங்க கடல்ல சூரியன் எங்கம்மா சாயுது?" என்றார். "கடல்ல சாயாதுங்க ஐயா, அது கிழக்கு. கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில் யார்டுக்குப் பின்னாடி சாயும். கடல்தான் முதல்ல இருட்டும்." அதைக் கவிதையில் எழுதினாயா என்றார். இல்லை என்றேன்.

ஸ்பைரல் பைண்டிங் போட்ட பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார, தடைக்காலக் கவிதையை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இன்னாடி இது, மீனே இல்லியே இதுல?"