எந்தக் கணக்கில் எழுதுவது?

"இது நம்ம கணக்குல வராது, எடுத்துடுங்க" என்றார் மூத்த பொறியாளர், சாலைச் சாவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் எங்கள் துறைக் கூட்டத்தில். எதிரே வந்த லாரியில் மோதிய கார், உள்ளே ஒரே ஒருவர். காரின் பதிவுக் கருவியில் கடைசி 5 விநாடிகளில் பிரேக் அழுத்தியதாக இல்லை. கடிதம் எதுவும் கிடைக்கவில்லை. தூங்கியிருக்கலாம், மயங்கியிருக்கலாம், தற்கொலையாகவும் இருக்கலாம்.

அவர் மனசாட்சி இல்லாதவர் அல்ல. சாலையின் குறையால் நேர்ந்த சாவுகளோடு மற்றதையும் கலந்தால் எந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பதே தெரியாமல் போகும் என்பது அவர் வாதம். ஸ்வீடனில் 2010 முதல் தற்கொலைகளைச் சாலைச் சாவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1997ல் 'சாலையில் ஒருவரும் சாகக் கூடாது' என்பதை நாடாளுமன்றத்திலேயே இலக்காக ஏற்ற நாடு அது. மனிதன் தவறு செய்வான், அதற்குத் தண்டனை மரணமாக இருக்கக் கூடாது என்பதுதான் அந்தக் கொள்கையின் உயிர். சரி, தவறுக்கு இடம் கொடுக்கிறோம், தாங்க முடியாத வேதனைக்கு?

எதிரெதிர்ப் பாதைகளுக்கு இடையே நடுத்தடுப்பு வைத்தால் எந்தக் காரணத்தால் வந்த காராக இருந்தாலும் அது நிறுத்துமே என்றேன். "நினைச்சவங்க வேற இடம் தேடுவாங்க" என்றார். இந்த ஒரு வரிதான் இன்னமும் என்னை விடவில்லை, ஏனென்றால் அது பெரும்பாலும் உண்மையில்லை. அமெரிக்காவின் கோல்டன் கேட் பாலத்திலிருந்து குதிக்க வந்து, 1937 முதல் 1971 வரை தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைப் பற்றி ஆய்வாளர் ரிச்சர்ட் சைடன் 1978ல் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் ஏறக்குறைய 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு, 1995ல் இருந்த தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் பெரும்பாலோர் வாழ்ந்துவிடுகிறார்கள். இதையெல்லாம் அங்கேயே சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டவர், "பாலம் ஒரு இடம். சாலை எத்தனை கிலோமீட்டர்?" என்றார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை, இப்போதும் இல்லை.

சாவின் காரணத்தைப் பதிய நாங்கள் போடும் சர்வதேசக் குறியீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வேண்டுமென்றே மோதியது என்றால் எக்ஸ் 82, நோக்கம் தெரியவில்லை என்றால் ஒய் 32, விபத்து என்றால் 'வி' வரிசை. நான் ஒய் 32 போட்டேன். ஆதாரம் அவ்வளவுதான் இருந்தது, அதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. ஆனால் எங்களிடத்தில் ஒய் 32 விபத்துப் பட்டியலிலும் சேராது, தற்கொலைப் பட்டியலிலும் சேராது. கோப்பின் நகலைத் தற்கொலைத் தடுப்புப் பிரிவுக்கு அனுப்பினேன். சாலை உங்கள் துறை என்று பதில் வந்தது. நேர்மையாக எழுதியதாலேயே அந்த மனிதர் எந்தத் துறைக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டாரே என்று சில நாள் தோன்றும். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதி ஒரு குடும்பத்தின் தலையில் போடவா என்று அடுத்த நாளே தோன்றும்.

அப்புறம் லாரி ஓட்டியவர் போன் செய்தார். தன் மேல் தப்பில்லை என்று எழுதியிருக்கிறதா என்று கேட்பார் என நினைத்தேன். "நடுவுல தடுப்பு இருந்திருந்தா அவர் என் வண்டி வரைக்கும் வந்திருக்க மாட்டார், இல்லையா சார்?" என்றார். அநேகமாக வந்திருக்க மாட்டார் என்றேன். மறுபடி வண்டியை எடுக்கவே கை வரவில்லை என்று சொல்லி, வேறு எதுவும் பேசாமல் வைத்துவிட்டார்.

கூட்டத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. காரில் வந்தவரின் நோக்கம் என்னவாக இருந்தாலும் எதிரே வருபவருக்குத் தடுப்பு தேவை, அந்த வாதத்தை யாரும் மறுக்க முடியாது. தடுப்பு கேட்டு எழுதும் புதிய குறிப்பில் அதைத்தான் முதலில் வைத்திருக்கிறேன். தடுப்புக்குப் பணம் கிடைத்தாலும் கிடைக்கலாம். ஆனால் காரில் இருந்தவரைக் காப்பாற்றுவதும் நம் வேலைதான் என்ற பத்தி அதில் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டது. அதை முன்னால் கொண்டுவரலாமா, கொண்டுவந்தால் மொத்தக் குறிப்பையும் ஒதுக்கிவிடுவார்களா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.