எல் அலமெய்ன்: துறைமுகத்தில் வேலை பார்த்தவனின் நாட்குறிப்பு

அக்டோபர் 19, தண்டையார்பேட்டை

கீழ் போர்ஷன் பையன் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு எல் அலமெய்ன் சண்டையை எடுத்திருக்கிறான். இரண்டாம் உலகப் போரில் எகிப்துப் பாலைவனத்தில் பிரிட்டிஷாரும் ஜெர்மன், இத்தாலியப் படைகளும் மோதிய சண்டை. “வெறும் மணலுக்கா தாத்தா இவ்ளோ பேர் செத்தாங்க?” என்று கேட்டான். நல்ல கேள்வி. அந்த மணல் யாருக்கும் தேவைப்படவில்லை. அதற்குக் கிழக்கே அலெக்சாண்ட்ரியா துறைமுகம், அதைத் தாண்டி சூயஸ் கால்வாய், அப்புறம் ஈராக், ஈரான் எண்ணெய். 1942 ஜூன் 21 அன்று லிபியாவின் டோப்ருக் துறைமுகத்தைப் பிடித்த ஜெர்மன் தளபதி ரோம்மல், ஜூலை தொடக்கத்தில் அலெக்சாண்ட்ரியாவுக்குச் சுமார் 100 கிலோமீட்டரில் வந்து நின்றுவிட்டார்.

இங்கே மெட்ராஸில் அந்த ஏப்ரலில்தான் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் பாதி ஊர் காலியாகியிருந்தது.

அக்டோபர் 21

மழை. பையனோடு வரைபடம் பார்த்தோம். பாலைவனத்தில் எதிரியை நேராக மோதாமல் தெற்கே சுற்றிக்கொண்டு முதுகுப்பக்கம் போய்விடலாம். ரோம்மலின் பலமே அதுதான். அலமெய்னில் அது நடக்கவில்லை. வடக்கே கடல், தெற்கே கட்டாரா பள்ளம். பள்ளத்தில் உப்புச் சேறு. டாங்கி இறங்கினால் புதைந்துவிடும். இடையில் இருப்பது சுமார் 60 கிலோமீட்டர்.

அக்டோபர் 23

1942இல் இதே தேதி இரவுதான் பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியின் பீரங்கிகள் முழங்கின. எதிரே ஐந்து லட்சத்துக்கு நெருக்கமான கண்ணிவெடிகள். சாப்பர்கள், அதாவது கண்ணிவெடி எடுக்கும் சிப்பாய்கள், நிலா வெளிச்சத்தில் மண்ணைக் குத்திப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து டாங்கிக்கு வழி செய்தார்கள். அலமெய்ன் களத்திலிருந்த ருவைசாட் மேட்டில் பிரிட்டிஷ் பக்கம் நம் 4ஆவது இந்திய டிவிஷனும் நின்றது. தளபதிகளின் பெயரைச் சொல்கிற அளவுக்கு இவர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எனக்கு அது மனசே ஆறவில்லை. பையன் பேச்சில் இவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

அக்டோபர் 26

துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கு வைக்கும் டாலி கிளார்க்காக இருந்தவன் என்பதால் என் கண் சரக்கு மேலேதான் போகிறது. ரோம்மலின் பெரிய துறைமுகமான ட்ரிபோலி 2,000 கிலோமீட்டருக்கு அப்பால். அங்கிருந்து பெட்ரோல் ஏற்றி வரும் லாரியே வழியில் பெருமளவு பெட்ரோலைக் குடித்துவிடும். டோப்ருக் அதைவிடக் கிட்டே, அதனால் கப்பல்களை அங்கே அனுப்பினார்கள். ஆனால் ஜெர்மன், இத்தாலியச் சங்கேதச் செய்திகளை பிரிட்டிஷார் படித்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கப்பல் எப்போது கிளம்புகிறது என்பது முன்கூட்டியே தெரியும். 1942 அக்டோபர் 26 அன்று ‘புரோசர்பினா’ என்ற எண்ணெய்க் கப்பலை டோப்ருக்கை நெருங்கும்போது விமானங்கள் தாக்கி அழித்தன. பிரிட்டிஷ் பக்கம் ஆயிரத்துக்கு மேல் டாங்கிகள், எதிரே சுமார் 500. அந்த 500ஐயும் நினைத்த இடத்துக்கு ஓட்ட எண்ணெய் இல்லை. என்னைக் கேட்டால் சண்டை பாதி கடலிலேயே முடிந்துவிட்டது.

நவம்பர் 4

பின்வாங்கக் கூடாது என்று நவம்பர் 3இல் ஹிட்லர் உத்தரவு போட்டும், மறுநாள் ரோம்மல் பின்வாங்கினார். நவம்பர் 8இல் அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் இறங்கினார்கள். 1943 மே 13 அன்று துனிசியாவில் மிச்சமிருந்த ஜெர்மன், இத்தாலியப் படையும் சரணடைந்தது. இரண்டு லட்சத்துக்கு மேல் கைதிகள். ரஷ்யாவில் நடந்த ஸ்டாலின்கிராட் சண்டை இதைவிட எவ்வளவோ பெரியது, சரி. ஆனால் கடல் வழியைத் திறந்தது இதுதான். அதுவரை ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த சரக்குக் கப்பல்கள் மறுபடி மத்தியதரைக் கடல் வழியாகவே சூயஸுக்கு வர முடிந்தது. ஜூலையில் அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் இத்தாலியின் சிசிலித் தீவில் இறங்கினார்கள். அதே மாதம் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி பதவி இழந்தார்.

பேச்சை ரோம்மலில் ஆரம்பிக்காமல் புரோசர்பினாவில் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன். போட்டி வெள்ளிக்கிழமை.