பேச்சு போனால் புத்தியும் போச்சா? பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு பேங்க் அலைச்சல்

பக்கவாதம் வந்து கையெழுத்துப் போட முடியாதவர் தன் கணக்கிலிருந்து பணம் எடுக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் கவுன்டரில் இருப்பவர்கள் அதைத் தானாக வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். எங்களுக்குக் கிடைத்த பதில், "உங்கப்பாவுக்கு மூளை போயிடுச்சும்மா, கோர்ட்ல கார்டியன் ஆர்டர் வாங்கிட்டு வா." அதாவது, சுயமாக முடிவெடுக்க முடியாதவருக்குக் கோர்ட் இன்னொருவரைப் பொறுப்பாளராகப் போடுகிற உத்தரவு. அதுவும் அவர் எதிரிலேயே சொன்னார்கள். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஆஸ்பத்திரி கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது நைனாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வாய் கோணியது, பிரஷ் நழுவி விழுந்தது. 108 வந்தது. சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு, நாலரை மணி நேரக் கெடுவுக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். பிழைத்தார், நடக்கிறார். வலது கையும் பேச்சும்தான் திரும்பவில்லை.

துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பென்ஷன் அவர் பேரில் மட்டும் இருக்கிற கணக்கில் விழும். ஏ.டி.எம். கார்டை அவர் என்றைக்குமே நம்பியதில்லை. சலான் எழுதி, கையெழுத்துப் போட்டு, எண்ணி வாங்கினால்தான் அவருக்குப் பணம். மருந்துச் செலவு, பிசியோ செலவு எல்லாம் தலைக்கு மேல் நிற்கும்போது அந்தப் பணத்தைத் தொட முடியவில்லை.

தண்டையார்பேட்டையில் இருக்கிற கிளை அது, முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த கிளார்க் முதல் கேள்வியே இப்படிக் கேட்டார்: "மாடி ஏறி வர்றாரு, கை மட்டும் எப்டிம்மா வராம போகும்?"

நியாயமான சந்தேகம்தான். எனக்கும் இருந்தது, நரம்பியல் டாக்டர் படம் வரைந்து காட்டும் வரைக்கும். காலை அசைக்கிற இடம் மூளையின் உச்சியில், இரண்டு அரைக்கோளமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் உட்பக்கத்தில் இருக்கிறது. அங்கே ரத்தம் கொண்டுபோவது முன் பெருமூளைத் தமனி. முகம், கை இரண்டும் வெளிப்பக்கம். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் வெளிப்பக்கம்தான், இடது அரைக்கோளத்தில். அங்கே போவது நடுப் பெருமூளைத் தமனி. நைனாவுக்கு அடைத்தது அந்த நடுத் தமனியின் மேல்கிளை. அதனால்தான் கால் தப்பித்தது, கையும் பேச்சும் மாட்டிக்கொண்டன. அடைப்பு இடது பக்கம், விழுந்தது வலது கை, ஏனென்றால் கை கால்களுக்கு இறங்குகிற நரம்புகளில் பெரும்பங்கு மூளையின் அடியில் இருக்கிற முகுளத்தில் பக்கம் மாறிவிடுகின்றன.

இதையெல்லாம் கவுன்டரில் நின்று விளக்க முடியுமா? பின்னால் நகைக்கடன் வரிசை. கிளார்க் நேராக நைனாவிடமே திரும்பினார்.

"ஐயா, உங்க பேரு என்ன?"

"ஆமா."

"கூட வந்திருக்கிறது யாரு?"

"ஆமா."

"அக்கவுன்ட்ல எவ்ளோ இருக்கு, தெரியுமா?"

"ஆமா... ஆமா... ஆமா." சொல்லிக்கொண்டே இடது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்த அடிக்கு அர்த்தம் 'இது இல்லடா நான் சொல்ல வந்தது' என்று. கிளார்க்குக்கு அது பைத்தியம் மாதிரி தெரிந்தது. அப்போதுதான் அந்த கார்டியன் வசனம்.

நைனாவுக்கு அடிபட்டது புரோக்கா பகுதி. இடது முன்மடலின் கீழ்ப் பின்பக்கம். நினைப்பதைப் பேச்சாக்கி வெளியே தள்ளுகிற வேலையில் அதற்குப் பெரிய பங்கு. அடுத்தவர் பேச்சைப் புரிந்துகொள்கிற வேலை பெரும்பாலும் காதுப் பக்கம் இருக்கிற பொட்டுமடலின் பின்பகுதியில், வெர்னிக்கே பகுதியைச் சுற்றி நடக்கிறது. அவருக்கு அங்கே சேதம் இல்லை. நீளமான சிக்கலான வாக்கியம் வந்தால் கொஞ்சம் தடுமாறுவார், மற்றபடி எல்லாம் புரியும். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கிப்போவது பழைய விஷயம்தான். 1861-இல் பாரிஸ் பக்கத்தில் புரோக்கா என்ற டாக்டர் பார்த்த லெபோர்ன் என்ற நோயாளிக்கு 'டான்' என்பது மட்டும்தான் வந்ததாம். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்துத்தான் அந்த இடத்தையே அடையாளம் கண்டார்கள். நைனாவுக்குத் தங்கியது 'ஆமா'. 'டான்' என்றால்கூடப் பரவாயில்லை, யாரும் அர்த்தம் எடுக்க மாட்டார்கள். 'ஆமா' ஆபத்து. யாராவது பத்திரத்தை நீட்டி "சம்மதமா?" என்று கேட்டாலும் 'ஆமா'தான் வரும். இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் வீட்டுப் பத்திரம், பாஸ்புக் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். சொந்தக்காரர்கள் என்று பார்க்க வேண்டாம்.

"இடது கையால போடச் சொல்லுங்க" என்றும் ஒரு யோசனை வந்தது. முதல் எழுத்தைத் தாண்டவில்லை. பேச்சு கெடும்போது எழுத்தும் சேர்ந்து கெடுவது வழக்கம். கை மாற்றினால் சரியாகிவிடாது.

கார்டியன் ஆர்டருக்காகப் பாரிமுனையில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன். வக்கீல் என் ஃபைலைப் புரட்டிவிட்டு, "புத்தி தெளிவா இருக்கிறவருக்கு எதுக்கும்மா கார்டியன்? அதைப் போட்டா நீங்களே அவரைப் பைத்தியம்னு எழுதிக் கொடுத்த மாதிரி" என்றார். ஃபீஸ் வாங்கவில்லை, அது ஒன்றுதான் லாபம். இன்னொரு நாள் நைனாவை ஆட்டோவில் ஏற்றிக் கிளம்பினால் கொருக்குப்பேட்டை கேட் மூடிக்கிடக்கிறது. கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போய், அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்து, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேஷ் கவுன்டர் மூடியாச்சு. மறுபடி அந்தப் படியை இறங்கும்போது நைனாவிடமிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது, சுத்தமாக, பிசிறில்லாமல். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் சொன்னபோது சிரித்தார். வசவு, ஒன்று இரண்டு எண்ணுவது, பாட்டு மாதிரி தானாக வருவதெல்லாம் வேறு பாதையில் வருமாம். யோசித்துக் கட்டுகிற வாக்கியம்தான் மாட்டிக்கொள்ளும்.

காரியத்தை முடித்தவை இரண்டு காகிதம்.

ஒன்று, டாக்டர் கடிதம். டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அதில் 'அஃபேசியா' (மூளை பாதிப்பால் பேச்சும் மொழியும் கெடுவது) என்று ஒரு சொல்லோடு விட்டுவிடுவார்கள். படிக்கிறவர் மூளைக் கோளாறு என்று முடிவு கட்டுவார். தனியாக லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள்: பேச்சும் எழுத்தும் பாதிக்கப்பட்டுள்ளன, புரிதல் இருக்கிறது, இடம் காலம் ஆள் தெரிகிறது, தன் பண விஷயத்தில் முடிவெடுக்கும் தெளிவு உள்ளது, வலது கையால் கையெழுத்திட இயலாது. பேச்சுப் பயிற்சி அம்மா, "பேனாவை எடுத்து நோட்டுக்கு அடியில வைங்க", "எதை வெச்சுத் தண்ணி குடிப்பீங்க, காட்டுங்க" என்றெல்லாம் சோதித்துப் பார்த்து ஒரு அறிக்கை கொடுத்தார். அதையும் பின் செய்தோம்.

இரண்டாவது, ரிசர்வ் வங்கியின் விதி. உடல்நிலை சரியில்லாத, கையெழுத்துப் போட முடியாத வாடிக்கையாளர் கைரேகை வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த, சுயேச்சையான இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகைகூட வைக்க முடியாமல், வங்கிக்கு நேரில் வரவும் முடியாமல் இருப்பவருக்கும் ஒரு குறி போட வழி வைத்திருக்கிறார்கள். பிரின்ட் எடுத்துப் போனேன். இன்னொரு சாட்சிக்கு அதே கிளையில் கணக்கு வைத்திருக்கிற எங்கள் தெரு இஸ்திரிக்கடை அண்ணனைக் கூட்டிப் போனேன்.

இந்த முறை கவுன்டரில் நிற்கவில்லை, நேராக மேனேஜர் ரூம். கடிதத்தைப் படித்தார். பிறகு எம்.ஆர்.ஐ. ஃபிலிமை உருவி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, "இடது பக்கம்னு எழுதியிருக்கு, வெள்ளையா இருக்கிறது வலது பக்கமாச்சே?" என்றார். எனக்கு ஒரு நிமிடம் குலை நடுங்கியது. ஓரத்தில் இருந்த 'எல்' எழுத்தைக் காட்டினேன். நோயாளி நமக்கு எதிரே நிற்கிற மாதிரிதான் படம் போடுவார்கள். அவருடைய இடது நமக்கு வலது. ஃபிலிமை உறைக்குள் போட்டுவிட்டார்.

"நைனா பதில் சொல்ல மாட்டாரு சார், காட்டச் சொல்லுங்க" என்றேன். ஸ்டேட்மென்டை நைனா முன்னால் வைத்து, பென்ஷன் எங்கே என்று கேட்டார். விரல் சரியாக அந்த வரிக்குப் போனது. அடுத்த மாசத்து வரிக்கும் போனது. பிறகு யாரும் கேட்காமலே இன்னொரு வரிக்கு நகர்ந்து, அங்கேயே டொக்கு டொக்கென்று தட்டியது. பார்த்தால் கார்டுக்கான வருடக் கட்டணம். அவர் கேட்காத, வாங்காத கார்டுக்கு. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஸ்டாம்ப் பேட் கொண்டுவரச் சொன்னார். இடது பெருவிரல், இரண்டு சாட்சிக் கையெழுத்து, பணம் கைக்கு வந்தது. கிளார்க் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நரம்பு சம்பந்தப்பட்ட பாதிப்பை, நோய் வந்து ஆறு மாதம் கழித்துத்தான் மதிப்பிடுவார்கள், அதற்கு முன் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். விண்ணப்பத்தில் கை கால் பாதிப்பை மட்டும் டிக் செய்து அனுப்பப் பார்ப்பார்கள். விடாதீர்கள். 2016 சட்டத்தில் இருக்கிற 21 வகையில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு தனி வகை, அஃபேசியா அதில் பேர் சொல்லியே இருக்கிறது. இரண்டையும் போடச் சொல்லுங்கள், பேச்சு அறிக்கையின் நகலை இணையுங்கள்.

பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று நவம்பரில் காட்டுகிற ஆயுள் சான்றுக்குக் கிளைக்கே போகவில்லை. செல்போனில் முகத்தைக் காட்டிக் கண் சிமிட்டினால் போதும், வாய் லேசாகக் கோணியிருந்தும் ஏற்றுக்கொண்டது. வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி வாசல் பக்கம் உட்கார வையுங்கள். கார்டுக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டுக் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை.