ஓர் ஆளுக்கான இண்டென்ட்

“நான் உங்களிடம் பட்டியல்தானே கேட்டேன், தம்பி?”

எங்கள் பள்ளி விடுதி மேட்ரன் அம்மா இதைச் சொல்லி ஒரு வருடம் ஆகிவிட்டது. சொன்னபோது முகத்தில் கோபம் இல்லை, குரலும் உயரவில்லை. சலவைக்குப் போய்வந்த போர்வைகளை எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்துநான்கு, முப்பத்தைந்து என்று வந்தவர் நடுவில் இதைச் சொல்லிவிட்டு முப்பத்தாறில் தொடர்ந்தார். நானும் சிரித்துவிட்டு ஸ்டோர் அறைக்கு வந்துவிட்டேன். மாலையில் பால் கணக்கு எழுத உட்கார்ந்தபோதுதான், அவர் சொன்னது கேள்வியா, புகாரா என்ற யோசனை வந்தது. இன்னும் அது முடிவுக்கு வரவில்லை.

அதற்கு முந்தைய டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் எல்லோரும் மலையிறங்கிப் போன மறுநாள், நான் மெஸ்ஸில் இருப்புக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். மேட்ரன் அம்மா வந்து நின்றார். “இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்குப் போகவில்லை. இங்கேதான். ஓர் ஆளுக்கு, 300 ரூபாய்க்குள், என்ன சமைக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். ஆனால் பண்டிகை என்று தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மாதிரி இருக்கக் கூடாது.”

ஒவ்வொரு வருடமும் கரூரில் தங்கை வீட்டுக்குப் போகிறவர். ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்காமல், ஏதோ மனத்தாங்கல் என்று நானே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டேன். இன்றுவரை அது சரியா என்று தெரியாது. பின்னால் நான் செய்த காரியத்துக்கு அந்தக் காரணம்தான் அஸ்திவாரம்.

எனக்கு 400 பேருக்குக் கணக்குத் தெரியும். நூறு பிள்ளைகளுக்குப் பிரியாணி என்றால் 14 கிலோ அரிசி, கோழி அதற்கு மேல் கொஞ்சம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓர் ஆளுக்கு என்றதும் பேனா நின்றுவிட்டது. வகுத்தால் வந்துவிடும் என்று மெஸ்ஸுக்கு வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். வராது. அரிசியும் கறியும் வகுபடும். எண்ணெய் வகுபடாது. ஆள் எத்தனை ஆனாலும் சட்டியின் அடி நனைந்தாக வேண்டும். ஒரு கிராம்பைக் கால் கிராம்பாக்கிப் போட முடியாது. தண்ணீர் இன்னும் மோசம். அண்டாவில் ஆவியாகப் போவது அரிசியின் அளவுக்கு முன் ஒன்றுமே இல்லை. சின்னச் சட்டியில் கண் மூடித் திறப்பதற்குள் அடிபிடித்துவிடும். போதாததற்கு இது ஏற்காடு. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. கொதிப்பை நம்பி இறக்கினால் அரிசியின் நடுவில் விறைப்பு நிற்கும். கீழே சேலத்தில் சமைத்துப் பழகிவிட்டு இங்கு வந்த முதல் மாதம் நான் வாங்கிய திட்டெல்லாம் அந்த விறைப்புக்காகத்தான். அதனால், “சின்னக் குக்கர் இருக்கிறதா?” என்று முதலில் கேட்டேன். இரண்டு லிட்டர் குக்கர் இருக்கிறது என்றார்.

மெஸ்ஸுக்கு வேண்டிய சாமான்களை எழுதிக் கேட்கும் இண்டென்ட் தாள் ஒன்றைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எழுதினோம். ஆட்டுக்கறியை நானே முதலில் அடித்துவிட்டேன். கால் கிலோ எடுத்தாலும் 300 ரூபாயில் பெரும்பங்கை அதுவே விழுங்கிவிடும். கோழியில் கால் கிலோ என்று கேட்டால் கழுத்தும் முதுகெலும்புமாகத் தள்ளிவிடுவார்கள். தொடையோடு சேர்த்து ஒரு முழுக் கால் என்று கேட்க வேண்டும். எடை ஏறக்குறைய அதே 250 கிராம்தான் வரும். மூட்டில் வெட்டச் சொல்லி, தொடையைப் பிரியாணிக்கும் கீழ்க்காலை மிளகு வறுவலுக்கும் வைத்துக்கொண்டால் ஒரே காலில் இரண்டு பதார்த்தம். சீரகச் சம்பா ஒரு தம்ளர். ஒரு வெங்காயம், அதில் பாதி தயிர்ப் பச்சடிக்கு. இனிப்புக்கு ஜவ்வரிசிப் பாயசம், 25 கிராம் ஊறவைத்தால் ஒரு கிண்ணம் தாராளமாக வரும். சேலத்துக்காரன் எழுதும் பட்டியலில் ஜவ்வரிசி இல்லாமல் போகுமா.

கேக்கில்தான் இழுத்தது. பேக்கரியில் ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள், வேலை மிச்சம் என்றேன். “வேலை மிச்சமாவதற்கா கேட்கிறேன்?” என்றார். 23ஆம் தேதி பழம் ஊற வேண்டும், 24ஆம் தேதி கேக் வேக வேண்டும், 25ஆம் தேதி வெட்ட வேண்டும். அவருக்குப் பண்டிகை என்றால் அந்த மூன்று நாள். அப்போது அதை நான் காதில் வாங்கினேனே தவிர மனதில் வாங்கவில்லை. கிஸ்மிஸும் டூட்டி ஃப்ரூட்டியும் கொஞ்சம் வாங்கி, ஒரு மலை ஆரஞ்சைப் பிழிந்து அந்தச் சாற்றில் ஊறவைக்கலாம் என்றேன். மதுவில் ஊறவைப்பவர்கள் மாதக்கணக்கில் வைப்பார்கள், சாற்றில் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. நிறத்துக்கு இரண்டு கரண்டி சர்க்கரையைக் கருகும் பதத்துக்குக் காய்ச்சி வெந்நீர் விட வேண்டும். ஒரு முட்டைக்கு மைதா, வெண்ணெய், சர்க்கரை மூன்றும் ஐம்பது ஐம்பது கிராம். அதைக் கிண்ணத்தில் ஊற்றி மூடி, இட்லிப் பானையில் வைத்து வேகவிடலாம்.

“அதுவே எனக்கு அதிகம். அரை முட்டையில் ஆகாதா?” என்றார்.

முட்டையை அடித்து ஒன்றரை மேசைக்கரண்டி எடுத்தால் அரை முட்டை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வேண்டாம், முழு முட்டையிலேயே செய்கிறேன். மீந்தால் மறுநாள் காப்பிக்கு ஆகும்” என்றார். உப்புக்கு மட்டும் பழக்கதோஷத்தில் ‘தேவைக்கு’ என்று எழுதினேன். கூட்டினால் 270 சொச்சம். மீதிக்கு மெழுகுவத்தி வாங்கிக்கொள்கிறேன் என்று தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வெகு நாளைக்குப் பிறகு ஒரு வேலையை ரசித்துச் செய்த நிறைவு எனக்கு இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

24ஆம் தேதி மதியம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடையில் அவருடைய சபையைச் சேர்ந்த ஒருவரைப் பார்த்தேன். பேச்சோடு பேச்சாக, “மேட்ரன் அம்மா இந்த வருடம் தனியாகத்தான் இருக்கிறார், பாவம்” என்றேன். ‘பாவம்’ என்ற அந்த ஒரு சொல் இல்லாமல் சொல்லியிருந்தால் அது வெறும் செய்தி. அந்தச் சொல்தான் அவரை எழுப்பிவிட்டது. “அப்படியா? நாங்கள் எதற்கு இருக்கிறோம்!” என்றார். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் எனக்குத் தெரியவே இல்லை.

மற்றதை வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். விடியற்காலை ஆராதனை முடிந்து வந்து, கோழிக்கு மசாலா தடவி வைத்துவிட்டு, மேஜையில் வெள்ளைத் துணி விரித்திருந்தாராம். பதினோரு மணிக்கு ஒரு கார் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார்கள். வெறுங்கையோடு போகக் கூடாதென்று கேக்கையும் எடுத்துக்கொண்டார். அந்த ஒரு முட்டைக் கேக் அங்கே எத்தனை துண்டாகியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு. தொழில் புத்தி. கோழியை மாலையில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டார். கறி வீணாகவில்லை என்று அதைக் கேட்டபோது எனக்கு ஓர் ஆறுதல். எதற்கெல்லாம் ஆறுதல்படுகிறோம் பாருங்கள்.

ஜனவரியில் திரும்பி வந்து, “கிறிஸ்துமஸ் எப்படி அம்மா?” என்று கேட்டேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான் கேட்டேன், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. “நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்” என்றார். முப்பத்துநான்கு, முப்பத்தைந்து. பிறகுதான் அந்த வாக்கியம்.

என் பக்கத்து நியாயமும் இருக்கிறது. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு விடுமுறையில் எங்கள் தோட்டக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து, மறுநாள் காலைவரை யாருக்கும் தெரியாமல் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்து, பிறகு அவர் வேலைக்கு வரவே இல்லை. மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பவர் தெரியாத இடத்தில், அறுபதை நெருங்கும் ஓர் அம்மா தனியாக இருக்கிறார் என்று நாலு பேருக்குத் தெரிவது தப்பா? யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவரும் சொல்லவில்லையே. என்னிடத்தில் யார் இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். என் மனைவியிடம் சொன்னேன். “செய்தது சரிதான், அந்த அம்மாவுக்குத்தான் மனிதர்கள் ஆகாது போல” என்றாள். அந்தத் தீர்ப்பு எனக்குச் சாதகமாக இருந்தும் பிடிக்கவில்லை.

ஏனென்றால் நான் தினமும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். பிள்ளைகள் முடித்து, பரிமாறுகிறவர்கள் முடித்து, இரண்டரை மணிக்கு மேல் பின்கட்டுப் பெஞ்சில் தட்டோடு உட்காருவேன். ரசத்தை மட்டும் சூடுபண்ணிக்கொள்வேன். அந்த இருபது நிமிடத்தில் யாராவது வந்து, “என்ன சார், தனியாகச் சாப்பிடுகிறீர்கள், வாருங்கள் எங்களோடு” என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போனால் எனக்கு எப்படி இருக்கும்? என் தனிமை எனக்கு ஓய்வு. அதையே இன்னொருவரிடம் பார்த்ததும் பாவம் என்கிறேன். பண்டிகை நாள் என்பதால் அது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவேளை வேறுதானோ என்னவோ. பொங்கலுக்கு நான் தனியாக இருக்க ஒப்புவேனா? மாட்டேன். அப்படியானால் நான் செய்தது சரி. இப்படியே சுற்றிச் சுற்றி வந்து கிளம்பிய இடத்தில் நிற்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியலை எழுதி முடித்த பிறகும், அது அவர் ஒருவருக்கே நடக்கப்போகிறது என்பதை நான் நம்பவில்லை. இவ்வளவு கணக்கும், கறுக்கக் காய்ச்சிய சர்க்கரையும், ஒரு தட்டுக்காகவா என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மெஸ்காரனுக்கு ஆள் எண்ணிக்கை இல்லாத பண்டிகை பிடிபடாது. இந்த நினைப்பு வந்தால் இரக்கம் என்று நான் நம்பிய விஷயத்தின் எடை குறைந்துவிடுகிறது. அதனால் இதை அதிகம் நினைப்பதில்லை.

போன மாதம் அதே டீக்கடை, அதே ஆள். “மேட்ரன் அம்மா இந்த வருடமும் தனியாகத்தானா?” என்று அவரே கேட்டார். முந்தைய நாள்தான் மளிகைக் கடையில் மேட்ரன் அம்மா எனக்கு முன்னால் நின்று கிஸ்மிஸ் நிறுத்து வாங்கியதைப் பார்த்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. “கரூருக்குப் போகிறார் போலிருக்கிறது” என்றேன். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது. இந்த முறை இருபது வளைவும் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் குளியலறைத் தரையில் கிடந்த தோட்டக்காரர்தான் வந்தார். வாட்ச்மேனுக்குப் போன் செய்து, இரவில் இரண்டு தடவை அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிடு என்று சொன்ன பிறகும் தூக்கம் வரவில்லை.

26ஆம் தேதி காலை பொறுக்க முடியாமல் அவருக்கே போன் செய்தேன். மெஸ்ஸில் கேஸ் வால்வை மூடினேனா என்று சந்தேகமாக இருக்கிறது, கொஞ்சம் பார்க்கிறீர்களா என்று கேட்பதாக ஏற்பாடு. எடுத்ததும் என்னைப் பேசவே விடவில்லை.

“பிரியாணியில் உப்பு கூடிவிட்டது, தம்பி. உங்கள் தாளில் எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது, உப்புக்கு மட்டும் தேவைக்கு என்று போட்டிருக்கிறீர்கள். ஓர் ஆளுக்குத் தேவை எவ்வளவு?”

ஒரு தம்ளர் அரிசிக்கு ஒரு தேக்கரண்டி, தயிரிலும் மசாலாவிலும் போடுவதையும் சேர்த்து என்றேன். இருங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று பேனா தேடப் போனார். அவர் திரும்பி வரும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். கேஸ் வால்வைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.