பதினொரு தட்டுகளும் ஒரு மேடையும்

2025 ஜூலை 31, வியாழன்

1969ஆம் ஆண்டு இதே நாள் இரவில், திறந்து ஒரு மாதம்கூட நிறையாத லாஸ் வேகஸ் இன்டர்நேஷனல் ஹோட்டலின் அரங்கில், ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் முன்னிலையில் எல்விஸ் பிரெஸ்லி மேடையேறினார். கச்சேரி மேடையில் அவர் அதற்குமுன் கடைசியாகப் பாடியது 1961 மார்ச் 25 அன்று. ஹவாயின் பேர்ல் ஹார்பரில், மூழ்கிக் கிடக்கும் அரிசோனா போர்க்கப்பலுக்கு நினைவிடம் எழுப்ப நிதி திரட்டிய நிகழ்ச்சி அது. இடையில் எட்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் போயிருந்தன. அவருக்கு வயது முப்பத்து நான்குதான். ஆனால் அவர் பாடிய இசைக்கே அப்போது ஏறக்குறைய பதினைந்து வயதுதான் என்பதால், 1954இல் மெம்பிஸின் சன் ஸ்டூடியோவில் முதல் இசைத்தட்டுக்காகப் பாடியவரை ராக் அண்டு ரோலின் பழம்பெரும் பாடகராகவே உலகம் கணக்கில் வைத்திருந்தது.

அந்த ஆகஸ்டில் பதிவான பதினொரு நிகழ்ச்சிகளை முழுமையாகக் கொண்ட குறுந்தட்டுப் பெட்டி 2019இல் வெளிவந்தது. வாங்கி வைத்து நாளாகியும் முதல் தட்டுக்கு அப்பால் நான் போனதில்லை. மடிக்கணினிகளில் தட்டு செருகும் வாயே இல்லாமல் போனதை இதுவரை சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று எதிர்வீட்டுக்காரரிடம் ஒரு டிரைவை இரவல் வாங்கியாயிற்று. ஆகஸ்ட் 16இல் தொடங்கி இரவுக்கு ஒன்றாக, கடைசித் தட்டு பதிவான 26ஆம் தேதியிலேயே அதைக் கேட்டு முடிப்பது என்று திட்டம். ஒரே ஆள், ஒரே மேடை, ஏறக்குறைய ஒரே பாடல் வரிசை. இதைப் பதினொரு முறை கேட்பானேன் என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டு முடித்த பிறகு பதில் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

வேகஸுக்கு முன்னால் 1968ஐப் பார்த்துவிட வேண்டும். அந்த எட்டு ஆண்டுகளில் எல்விஸ் சும்மா இருக்கவில்லை; இருந்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். ஆண்டுக்கு மூன்று படங்கள் வீதம் ஹாலிவுட்டில் நடித்துத் தள்ளினார். படத்துக்காகப் பாட்டு, பாட்டை விற்கப் படம் என்று அந்தச் செக்கு சுற்றிக்கொண்டேயிருந்தது. அவருடைய மேலாளர் டாம் பார்க்கருக்கு அதில் பணம் தடையின்றி வந்ததால், மாற்ற வேண்டிய காரணம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

1968இல் என்.பி.சி. தொலைக்காட்சிக்காக ஒரு மணி நேர நிகழ்ச்சி ஏற்பாடானபோதும், தையல் இயந்திரம் விற்கும் சிங்கர் நிறுவனத்தின் ஆதரவில் கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடிவிட்டு வணக்கம் சொல்வதே பார்க்கரின் எண்ணமாக இருந்தது. இயக்குநர் ஸ்டீவ் பைண்டர் வேறொன்றைக் கண்டார். ஒத்திகை முடிந்த பிறகு ஒப்பனை அறையில் எல்விஸ் தன் கூட்டாளிகளோடு கிட்டாரை வைத்துக்கொண்டு பழைய பாடல்களைப் பாடிச் சிரித்துக்கொண்டிருப்பார். அதைத்தான் படம்பிடிக்க வேண்டும் என்று பைண்டர் கேட்டார். அந்த அறைக்குள் கேமரா வரக்கூடாது என்று பார்க்கர் மறுத்தார். அப்படியானால் அறையையே மேடைக்குக் கொண்டுவருகிறேன் என்று, குத்துச்சண்டை வளையம் போன்ற ஒரு சிறு சதுர மேடையைப் போட்டு, நாலைந்து நாற்காலிகளை வைத்து, சுற்றிலும் மக்களை உட்கார வைத்துவிட்டார். எல்விஸின் மறுவருகை என்று நாம் சொல்வதெல்லாம் ஒரு கதவு மூடப்பட்டதால் கிடைத்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஜூன் 27 பதிவை இன்று இரண்டு முறை பார்த்தேன். உடல் முழுவதும் கருந்தோல் உடை. சுடும் விளக்குகளுக்குக் கீழே அதை அணிந்தால் என்ன ஆகும் என்பது முதல் பாட்டு முடிவதற்குள் அவர் முகத்தில் தெரிந்துவிடுகிறது. மேடைக்குப் போகும் நேரம் வந்தபோது, தன்னால் முடியாது, மனம் மாறிவிட்டது என்று எல்விஸ் சொன்னதாக பைண்டர் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். அந்தப் பயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் முதல் சில நிமிடங்கள் வேறு மாதிரி தெரிகின்றன. சிரிப்பு கொஞ்சம் மிகையாகவும், கை எங்கே வைப்பது என்று தெரியாமலும் இருக்கிறது.

பக்கத்தில் பழைய ஆட்கள். கிட்டார் கலைஞர் ஸ்காட்டி மூர் இருக்கிறார். டிரம்ஸ் வாசிக்கும் டி.ஜே. ஃபொன்டானாவுக்கு டிரம்ஸ் தரவில்லை. அவர் ஒரு கிட்டார் பெட்டியைக் குச்சிகளால் தட்டியே தாளத்தை முடித்துக்கொள்கிறார். முதல் நாட்களில் கூட இருந்த பாஸ் கலைஞர் பில் பிளாக் 1965இல் இறந்துவிட்டதால் அந்த இடம் மட்டும் காலி. ஸ்காட்டியின் மின்கிட்டாரை எல்விஸ் வாங்கிக்கொண்ட பிறகுதான் நிகழ்ச்சி சூடுபிடிக்கிறது. உட்கார்ந்து பாட முடியாமல் எழுந்து நிற்க நினைக்கிறார், ஆனால் கிட்டாரைத் தோளில் மாட்டும் வார் இல்லை. வார் எங்கே என்று தேடுகிறார். கடைசியில் நாற்காலியில் ஒரு காலை ஊன்றித் தொடைமேல் கிட்டாரைத் தாங்கியபடி பாட, நண்பர் சார்லி ஹாட்ஜ் மைக்கை எடுத்து அவர் வாயருகே பிடித்துக்கொண்டே நிற்கிறார். கோடிக்கணக்கானவர்கள் பார்க்கப்போகும் நிகழ்ச்சியில் ஒரு தோல் வாரை எடுத்துவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எடுத்துவைத்திருந்தால் இந்தக் காட்சி இவ்வளவு உயிரோடு இருந்திருக்காது.

ஆகஸ்ட் 6, புதன்

அந்த நிகழ்ச்சியின் முடிவில் கிறிஸ்துமஸ் பாட்டு இல்லை. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டது எல்விஸ் வாழ்ந்த ஊரான மெம்பிஸில். ஜூன் தொடக்கத்தில் இராபர்ட் கென்னடி சுடப்பட்டது, ஒத்திகை நடந்துகொண்டிருந்த லாஸ் ஏஞ்சலஸ் நகரிலேயே. இந்த மனநிலையில்தான் குரலமைப்பாளர் வால்டர் ஏர்ல் பிரவுன் ‘இஃப் ஐ கேன் டிரீம்’ என்ற பாடலை எழுதித் தந்தார். இன்று அதைக் கேட்டபோது, தொண்டை கிழியும் இடத்தில் அவர் விலகிப்போகாமல் அப்படியே நின்று பாடுவதைக் கவனித்தேன். திரைப்படங்களில் வழுக்கிக்கொண்டே போன குரல் இது இல்லை. டிசம்பர் 3இல் ஒளிபரப்பானது. அடுத்த மாதமே மெம்பிஸின் அமெரிக்கன் சவுண்ட் ஸ்டூடியோவில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் சிப்ஸ் மோமனோடு புதிய பாடல்களைப் பதிவுசெய்யத் தொடங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தொலைக்காட்சியில் பிழை வந்தால் வெட்டிவிடலாம், மேடையில் முடியாது. அதிலும் வேகஸ் அவருக்கு ராசியில்லாத ஊர். 1956இல் நியூ ஃபிரான்டியர் ஹோட்டலில் இரண்டு வாரம் பாடினார்; இரவுச் சாப்பாட்டுக்கும் சீட்டாட்டத்துக்கும் வந்திருந்த நடுவயதுக்காரர்கள் அந்த இருபத்தொரு வயதுப் பையனைப் பார்த்துவிட்டுக் கத்தியையும் முள்கரண்டியையும் கையில் எடுத்துக்கொண்டார்கள். இன்டர்நேஷனல் ஹோட்டலில் முதல் ஆளாகப் பாடும் வாய்ப்பு வந்தபோது, புதுமேடையின் கோளாறுகளையெல்லாம் வேறு யாராவது அனுபவிக்கட்டும் என்று பார்க்கர் ஒதுங்கிக்கொள்ள, பார்பரா ஸ்ட்ரைசாண்ட் ஜூலை 2 அன்று திறந்துவைத்தார். பார்க்கரைத் திட்டுவதற்கு எனக்கு நிறையக் காரணங்கள் உண்டு, இது மட்டும் அதில் சேராது.

ஸ்காட்டி மூரும் ஃபொன்டானாவும் வரவில்லை. நாஷ்வில் ஸ்டூடியோக்களில் அவர்களுக்குக் கிடைத்த வருமானத்தை விட்டுவிட்டு வருவது கட்டுப்படியாகாது. ஆகவே எல்விஸ் புதிதாக ஒரு குழுவைத் தேட வேண்டியிருந்தது. அதைப் பிறரிடம் ஒப்படைக்காமல் தாமே தேடினார் என்பதில்தான் இந்த மறுவருகையின் இரகசியம் இருப்பதாக எனக்குப் படுகிறது. கிட்டாருக்கு ஜேம்ஸ் பர்ட்டன்; அவரைத் தாமே தொலைபேசியில் அழைத்து நெடுநேரம் பேசினார். பாஸுக்கு ஜெர்ரி ஷெஃப், பியானோவுக்கு லாரி முஹோபெராக், துணைக் கிட்டாருக்கு ஜான் வில்கின்சன். டிரம்ஸுக்கு ரானி டட். தேர்வின்போது மற்றவர்கள் தங்கள் வித்தையைக் காட்டிக்கொண்டிருக்க, தான் மட்டும் எல்விஸின் கண்ணைப் பார்த்தே வாசித்ததால் அந்த வேலை கிடைத்தது என்று டட் சொல்லியிருக்கிறார். பின்னால் நின்று பாட இம்பீரியல்ஸ் என்ற வெள்ளையர் காஸ்பல் (கிறித்தவப் பக்திப்பாடல்) குழுவும், ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் குழுவும். சிறுவயதில் அவர் தேவாலயங்களிலும் வானொலியிலும் கேட்டு வளர்ந்த இரு கரைகளும் ஒரே மேடையில் நின்றன.

ஆகஸ்ட் 16, சனி

முதல் தட்டு. 1969 ஆகஸ்ட் 21, நள்ளிரவுக் காட்சி. அறிவிப்பாளர் கிடையாது. குழு தாளத்தைத் தொடங்க, ஒருவர் நடந்து வருகிறார் என்பதைக் கூட்டத்தின் கூச்சல் உயர்வதிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ‘புளூ ஸ்வேட் ஷூஸ்’ பாடலைப் பழைய தட்டில் இருப்பதைவிட வேகமாக, எதையோ தாண்டிக் குதித்துவிடும் அவசரத்தில் பாடுகிறார்.

இன்று அவர் இறந்த நாளும்கூட, 1977. நான் இன்னொரு கணக்கையும் நினைத்துக்கொண்டேன். 1969இல் இதே ஆகஸ்ட் 16 அன்று நாட்டின் மறுகோடியில், நியூயார்க் மாநிலத்தின் பண்ணை நிலத்தில், உட்ஸ்டாக் இசைவிழா நடந்துகொண்டிருந்தது. அங்கே சேற்றில் இலட்சக்கணக்கான இளைஞர்கள். இங்கே மேசைவிரிப்பு போட்ட அரங்கில் கழுத்துப்பட்டை கட்டிய கனவான்கள். வரலாறு எழுதுபவர்கள் முன்னதைத்தான் எழுதுவார்கள். ஆனால் குழுவின் கட்டுக்கோப்பு என்று பார்த்தால், அந்த மாதத்தில் அமெரிக்காவில் இதைவிடத் திறமாக வாசித்த குழு இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நான்காவது தட்டு. பாடல்களை விட்டுவிட்டு நடுவில் வரும் பேச்சுக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு காட்சியிலும் தன் வாழ்க்கைக் கதையைச் சில நிமிடங்கள் சொல்கிறார். மெம்பிஸில் லாரி ஓட்டிக்கொண்டே எலெக்ட்ரீஷியன் வேலைக்குப் படித்ததாகவும், வயரிங் எங்கோ மாறிப்போய்விட்டதாகவும் சொல்கிறார். இந்த நகைச்சுவைக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம், நம் ஊர் எலெக்ட்ரீஷியனே சொல்லக்கூடியது. தொலைக்காட்சியில் தன்னை நீள்கோட்டு மாட்டி ஒரு நாயைப் பார்த்துப் பாட வைத்தது, இடுப்புக்குக் கீழே காட்டாமல் படம்பிடித்தது, இராணுவத்தில் இருந்தது எல்லாம் வரும். ஒன்பது ஆண்டுகளில் இதுதான் தன் முதல் ‘லைவ்’ நிகழ்ச்சி, செத்தபடி சில முறை தோன்றியதுண்டு என்றும் சொல்கிறார். நேரடி என்பதற்கும் உயிரோடு என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதால் அமைந்த சிலேடை. நடித்த படங்களைப் பற்றி இதைவிடக் கடுமையாக வேறெந்த விமர்சகரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

ஐந்தாவது தட்டு ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. பனியன் துணியால் துடைத்ததும் சரியாயிற்று. வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

குரல் தேய்ந்துகொண்டே வருகிறது. நான்கு வாரத்தில் ஐம்பத்தேழு காட்சிகள். முதல் நாள் தவிர இரவுக்கு இரண்டு. பாலைவனத்து வறண்ட காற்றில் பாடகர்களின் தொண்டை கட்டிக்கொள்வது வேகஸில் சகஜம் என்பார்கள். பாட்டுக்குப் பாட்டு அவர் எதையாவது குடிப்பதும், குடிப்பதைப் பற்றி நையாண்டி செய்வதும் கேட்கிறது. குரல் குறையும் இடத்தை டட்டின் டிரம்ஸ் நிரப்புகிறது. காரணமில்லாமல் திடீரென்று ஓர் அடி விழும், கூட்டம் கத்தும். எல்விஸ் கையை வீசியிருக்கிறார், அல்லது இடுப்பை வெட்டியிருக்கிறார் என்று அந்த அடியிலிருந்து நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். கண்ணைப் பார்த்து வாசிப்பவர் என்பதன் பொருள் எனக்கு இன்றுதான் விளங்கிற்று.

‘சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்’ பாடலின் தட்டு கடைக்கு வந்தது மாதக் கடைசியில்தான். ஆகவே இந்தக் கூட்டத்தில் அநேகருக்கு அது கேட்டறியாத பாட்டு. அதை ஆறு நிமிடத்துக்கு மேல் இழுக்கிறார். முடிந்துவிட்டது என்று தோன்றும் அளவுக்குத் தணித்து, மறுபடியும் கிளப்புகிறார். தெரிந்த பாட்டுக்குக் கைதட்டல் வாங்குவது பழம்பாடகர்களுக்கு எளிது. தெரியாத பாட்டை நிகழ்ச்சியின் உச்சமாக வைப்பதற்குத் தெம்பு வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

முதல் இரவுக்குப் பின், ஹோட்டலின் தலைவர் அலெக்ஸ் ஷூஃபியும் பார்க்கரும் உணவுக்கூடத்தில் உட்கார்ந்து ஒரு மேசைவிரிப்பின்மேல் புதிய ஒப்பந்தத்தை எழுதினார்கள்: ஐந்து ஆண்டுகள், ஆண்டுக்கு இருமுறை நான்கு வாரங்கள், ஆண்டுக்குப் பத்து இலட்சம் டாலர். அப்போது அது பெருந்தொகை. ஆனால் விலைவாசி ஏறினாலும் தொகை ஏறாதபடி ஐந்து ஆண்டுக்குக் கட்டிப்போட்டது அந்தத் துணி. பார்க்கர் அந்த ஹோட்டலின் சூதாட்டக் கூடத்தில் எவ்வளவு இழந்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், ஒப்பந்தம் யாருக்காக எழுதப்பட்டது என்ற கேள்வி எழாமல் இராது. கடவுச்சீட்டு இல்லாமல் ஹாலந்திலிருந்து வந்து தங்கிவிட்ட பார்க்கரின் பாடகர், 1957இல் கனடாவில் பாடியதைத் தவிர அமெரிக்காவுக்கு வெளியே ஒரு மேடையிலும் பாடவில்லை. படச் செக்கிலிருந்து அவிழ்த்த கயிற்றை வேகஸில் கட்டிவிட்டார்கள். 1976 டிசம்பர் வரை அதே ஹோட்டலில் அறுநூறுக்கும் மேற்பட்ட காட்சிகள்.

அதே முதல் இரவில் பத்திரிகையாளர்கள் அவரை ராக் அண்டு ரோலின் மன்னர் என்றபோது, அறையில் நின்றிருந்த ஃபேட்ஸ் டாமினோவைக் காட்டி, உண்மையான மன்னர் அவர்தான் என்றார். அது எந்தத் துணியிலும் எழுதப்படவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பதினொன்றாவது தட்டு, நள்ளிரவுக் காட்சி. தனிமையில் வாடும் காதலியிடம் பேசும் ‘ஆர் யூ லோன்சம் டுநைட்’ என்ற அந்த மெதுவான பழைய பாட்டில், காலியான நாற்காலிகளைப் பற்றிய வரிக்குப் பின்னால் வழுக்கைத் தலையைப் பற்றி ஒரு கிண்டல் வரியைச் செருகுகிறார். செருகியவர் அதோடு போயிருக்கலாம். முன்வரிசையில் எதைக் கண்டாரோ, சிரிக்கத் தொடங்கிவிட்டார். வசனப்பகுதி வருகிறது, இரண்டு சொல், சிரிப்பு, மறுபடி இரண்டு சொல், சிரிப்பு. குழு நிறுத்தவில்லை. பின்னால் ஒரு பெண்குரல் மட்டும், எதுவுமே நடக்காததுபோல், உச்சஸ்தாயியில் தன் பகுதியைத் துல்லியமாகப் பாடிக்கொண்டே போகிறது. அது அவரை இன்னும் சிரிக்க வைக்கிறது. மூச்சு வாங்க, அந்தக் குரலை உற்சாகப்படுத்துகிறார். கடைசியில், பதினான்கு வருட உழைப்பும் சாக்கடையில் போயிற்று என்கிறார்.

முந்தைய பத்து இரவுகளிலும் ஏறக்குறைய அதே பாடல்களைக் கேட்டிருந்ததால், அந்த வரி வரும் முன்பே நான் காத்திருந்தேன். வீட்டில் ஹெட்போனைக் கழற்றச் சொல்லி, அந்த மூன்று நிமிடத்தை எல்லோருக்குமாக மறுபடியும் போட்டேன். அந்த அம்மா ஏன் நிறுத்தவே இல்லை என்று கேட்டார்கள்.