இரணைமடுவில இருந்து சிங்கப்பூருக்கு: நாங்கள் பாத்தது தண்ணியைத்தான்

சிங்கப்பூர் எவ்வளவு பெரிசு எண்டு எங்கட பக்கத்து ஆக்களுக்குச் சொல்லோணுமெண்டா இப்பிடித்தான் சொல்லலாம். எங்கட இரணைமடுக் குளம் இருக்கிற கிளிநொச்சி மாவட்டம் 1279 சதுர கிலோமீற்றர், சிங்கப்பூர் முழு நாடும் சேத்து 730 சொச்சம்தான் வரும். அதுக்குள்ள 60 லட்சம் சனம் இருக்கு. எங்கட மாவட்டத்தில 2012 கணக்கெடுப்பில இருந்தது 1 லட்சத்து 13 ஆயிரம் பேர். இந்தக் கணக்கெல்லாம் போறதுக்கு முதலே தெரியும், ஆனா சாங்கி ஏர்போட்டில இருந்து வெளிக்கிட்டு அந்த மாடிவீடுகளுக்கு நடுவால ரயிலில போகேக்கதான் 60 லட்சம் எண்டா என்னெண்டு விளங்கினது, ஒரு தொகுதி மாடி முடிய அடுத்தது, அது முடிய அடுத்தது, வெறுங்காணி எண்டு ஒண்டையும் கண்ணால காணேல்லை.

போனது நானும் அப்பாவும். சித்தப்பான்ர மகன் அங்க வேலை செய்யிறான், "அக்கா, பெரியப்பாவை ஒருக்கா கூட்டிக்கொண்டு வாங்கோவன்" எண்டு கனகாலமா கேட்டுக்கொண்டிருந்தவன், அப்பா ஒவ்வொருமுறையும் காலபோகம் (மாரி நெல்லு), சிறுபோகம் (கோடை நெல்லு), மாடு கண்டு போட்டிட்டுது எண்டு ஏதோ ஒண்டைச் சொல்லித் தள்ளிக்கொண்டு வந்தவர். கடைசியில சிறுபோகம் வெட்டி முடிஞ்சு அடுத்த விதைப்புக்கு முதல் கிடைச்ச இடைவெளியில போட்டு வந்தம். இலங்கைப் பாஸ்போட்டுக்கு அங்க விசா தேவையில்லை, போக முன்னம் ஒன்லைனில வருகை அட்டையை நிரப்பினாச் சரி. கட்டுநாயக்காவில இருந்து பிளேனில நாலு மணித்தியாலம், எங்கட வீட்டில இருந்து கட்டுநாயக்காவுக்குப் போறதுக்கு அதைவிடக் கூட நேரம் பிடிக்கும்.

சாங்கி ஏர்போட்டில ஜூவல் எண்டு 2019 ல திறந்த ஒரு கட்டடம் இருக்கு, கண்ணாடிக் கூரையின்ர நடுவில இருந்து 40 மீற்றர் உயரத்தால தண்ணி கொட்டுது, சுத்திவர காடு மாதிரி மரங்கள். எல்லாரும் செல்பி எடுக்கினம். அப்பா மேல பாத்தபடி கேட்ட முதல் கேள்வி, "உந்தத் தண்ணி எங்கயிருந்து வருகுது பிள்ளை?" தம்பி சொன்னான் மழைத்தண்ணியை சேத்துத்தான் பெரியப்பா திரும்பத் திரும்ப ஓடவிடினம் எண்டு. அப்பா ஒண்டும் கதைக்கேல்லை, ஆனா அந்தக் கேள்வியை அவர் பேந்து விடவே இல்லை, எங்க கூட்டிக்கொண்டு போனாலும் தண்ணி எங்கயிருந்து வருகுது, எங்க போகுது எண்டுதான் பாத்தார், எனக்கும் அந்தக் கண் தொத்தீட்டுது.

மற்ற இடங்களைக் கெதியாச் சொல்லிப்போட்டுப் போறன், ஏனெண்டா அதுகளைப்பற்றி கனபேர் எழுதீட்டினம். மெர்லயன் சிலை, மூண்டு கோபுரத்துக்கு மேல கப்பலை வைச்ச மாதிரி நிக்கிற மெரினா பே சாண்ட்ஸ், இரவில லைட் எரியிற சூப்பர்ட்ரீ எண்ட செயற்கை மரங்கள் எல்லாம் பாத்தம், வடிவுதான். சிராங்கூன் ரோட்டில தமிழ்க்கடையள், பூமாலை, முருக்கு, சிவப்பு மூக்குத்திப் பெட்டி எல்லாம் இருக்கு, தேக்கா சந்தையில அப்பா மீன்கடைப்பக்கம் கனநேரம் நிண்டவர். சாப்பாட்டுக்கு ஹோக்கர் சென்டர்தான் நல்லது, மலாய், சீன, தமிழ்ச் சாப்பாடு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ, சாப்பிட்டு முடிய தட்டை நாங்களே கொண்டுபோய் வைக்கோணும். மேசையில ஒரு டிசு பைக்கற் கிடந்தா அந்த இடம் ஆரோ பிடிச்சு வைச்சிருக்கினம் எண்டு அர்த்தம், எடுத்துப்போட்டு இருந்திடாதேங்கோ. ரயிலுக்குள்ளயும் நோட்டுக் காசிலயும் தமிழ் எழுத்து இருக்கு, அங்க தமிழ் நாலு அரசகரும மொழியில ஒண்டு. சனத்தில பத்தில ஒரு பங்குகூட இல்லாத ஆக்களின்ர மொழியை இப்பிடி எல்லா இடத்திலயும் போட்டிருக்கிறதைப் பாக்க மனம் நிறைஞ்சுது.

தம்பி இருக்கிறது அரசாங்க மாடிவீட்டில ஒரு அறையில. அங்கத்த சனத்தில கூடின பங்கு, நூறில எண்பது பேர் மட்டில, அந்த மாதிரி வீடுகளிலதான் இருக்கினம். வீட்டுக்குள்ள போன உடன தம்பி குசினிப் பைப்பைத் திறந்து அப்பிடியே ஒரு கிளாஸ் தண்ணி பிடிச்சு அப்பாவுக்குக் குடுத்தான். கொதிக்க வைக்கேல்லை, வடிக்கேல்லை. எங்கட பக்கத்தில கிணத்துத்தண்ணி கல்லுத்தண்ணி, கேத்தில் அடியில வெள்ளையாப் படிஞ்சு கிடக்கும், சிறுநீரக வருத்தம் வந்த ஆக்களை வவுனியாப் பக்கத்தில கனக்கப் பாத்திருக்கிறம், அதாலதானோ என்னவோ அந்த ஒரு கிளாஸ் தண்ணி எனக்கு அந்த அம்பத்தேழு மாடி மெரினா பே சாண்ட்ஸைவிடப் பெரிசாத் தெரிஞ்சுது.

இனி அந்தத் தண்ணி வாற கதை. சிங்கப்பூரில சொல்லிக்கொள்ள பெரிய ஆறும் இல்லை, நிலத்தடி நீரும் இல்லை. மழை மட்டும் வருசத்துக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல, எங்களுக்குக் கிடைக்கிறதைவிட நல்லாக் கூட, அதுவும் வருசம் முழுக்க, எங்களுக்கு மாதிரி மாரியோட முடியிறதில்லை. ஆனா அதைத் தேக்கி வைக்க இடமில்லை. மலேசியாவின்ர ஜொகூரில இருந்து பைப்பால தண்ணி வாங்கினம், 1962 ல போட்ட ஒப்பந்தம், 2061 மட்டும் இருக்கு. 1963 ல கடும் வறட்சி வந்து மாதக்கணக்கா பங்கீட்டில தண்ணி குடுத்திருக்கினம். அந்தப் பயம் அந்த நாட்டின்ர எலும்புக்குள்ள இறங்கீட்டுது எண்டு நினைக்கிறன், ஏனெண்டா அதுக்குப் பிறகு செய்த எல்லாத்திலயும் அது தெரியுது. இப்ப நாலு வழியால தண்ணி எடுக்கினம்: மழைத்தண்ணி, ஜொகூர்த்தண்ணி, 2003 ல இருந்து கழிவுநீரைச் சுத்தமாக்கி எடுக்கிற நியூவாட்டர், 2005 ல இருந்து கடல்தண்ணியில உப்பெடுத்த தண்ணி. தண்ணியை வீணாக்காம இருக்கிறதுக்கெண்டு ஒரு வரியும் 1991 ல இருந்து இருக்கு, தம்பி பில்லைக் காட்டினவன்.

அப்பாவை ஆச்சரியப்படுத்தினது இது ஒண்டும் இல்லை. நாட்டின்ர நிலத்தில மூண்டில ரெண்டு பங்கு நீரேந்துபகுதி எண்டு தம்பி சொன்னதுதான். அதாவது ரோட்டிலயும் மாடியிலயும் பள்ளிக்கூட முற்றத்திலயும் விழுற மழை கானால ஓடிப்போய் 17 நீர்த்தேக்கத்துக்குள்ள சேருது. மழைக்கான் வேற, கழிவுநீர் பைப் வேற, ரெண்டும் ஒருநாளும் கலக்காது. "அப்ப ஊர் முழுக்க குளத்தின்ர அலைகரை எண்டு சொல்லு" எண்டார் அப்பா. அந்த வசனத்துக்குப் பிறகு நான் ரோட்டுக்கரைக் கானைக்கூட வேற விதமாத்தான் பாத்தன், உண்மையில ஒரு குப்பை கிடக்கேல்லை.

மெரினா பராஜுக்கு பின்னேரம் போனம். ஆறு கடலோட சேர்ற வாயை 350 மீற்றர் நீளத்துக்கு மறிச்சுக் கட்டின கட்டு. 2008 ல திறந்தது. உள்ளுக்கு இருந்த கடல்தண்ணியை மழைத்தண்ணி கொஞ்சங்கொஞ்சமாத் தள்ளி 2010 ல முழுசா நல்லதண்ணியாப் போச்சு. ஒன்பது இரும்புக் கதவு, ஏழு ராட்சத பம்ப். அப்பாவுக்கு கதவைப்பற்றி ஒருத்தரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை, இரணைமடு வான்கதவு திறக்கிறதைப் பாத்துப் பாத்து வளந்தவர், 2018 டிசம்பரில எல்லாக் கதவையும் திறந்தும் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள்ள போன அந்த இரவும் அவருக்கு ஞாபகம் இருக்கு. பம்ப் எதுக்கெண்டுதான் அவர் யோசிச்சார். அங்க நிண்ட தமிழ்க் காவலாளி ஐயா ஒருத்தர் எங்கட கதையைக் கேட்டுப்போட்டு "அண்ணே ஸ்ரீலங்காவா?" எண்டு கிட்ட வந்து விளங்கப்படுத்தினார். பெருமழை நேரம் கடல் வத்தி இருந்தா கதவை இறக்கினாச் சரி, தண்ணி தானாப் போகும். கடல் ஏறி நிக்கேக்க கதவைத் திறந்தா கடல் உள்ளுக்கு வந்திடும், அப்ப கதவைப் பூட்டி வைச்சு பம்பால இறைச்சு கடலுக்குள்ள விடுறது. ஆக ஒரே கட்டு உப்பையும் மறிக்குது, வெள்ளத்தையும் மறிக்குது, குடிதண்ணியும் தருகுது.

"ஆறுமுகத்தார் சொன்னதும் இதைத்தானே" எண்டார் அப்பா. தெரியாத இளம் ஆக்களுக்கு நான் இதைக் கட்டாயம் எழுதோணும். பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950 களில போட்ட திட்டம், யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு. எங்கட கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்பி, மிஞ்சினது ஆனையிறவுக் கடல்நீரேரிக்குள்ள போய் சுண்டிக்குளத்தால கடலுக்குப் போகுது. சுண்டிக்குளத்தில கடலை மறிச்சா நீரேரி நல்லதண்ணியாகும், அங்கயிருந்து முள்ளியான் எண்ட இடத்தால வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்குக் குடுத்தா குடாநாட்டுக் கிணறுகளும் ஊறும். வேலை தொடங்கினது, முடியேல்லை. பிறகு சண்டை. இப்பவும் ஒவ்வொரு மாரிக்கும் வான் பாயிற தண்ணி கடலுக்குள்ளதான் போகுது. சிங்கப்பூரில இந்தக் கட்டைப்பற்றி அப்பத்தைய பிரதமர் லீ குவான் யூ கதைச்சது 1987 மட்டில, எங்கட திட்டம் அதுக்கு முப்பது வருசத்துக்கு மேல முந்தினது. எனக்கு அந்தக் கட்டில நிக்கேக்க நெஞ்சடைச்சது அதாலதான்.

ரெண்டையும் அப்பிடியே ஒப்பிடக்கூடாது எண்டதும் எனக்குத் தெரியும். அங்க தண்ணி குடிக்கவும் பக்டரிக்கும்தான், சாப்பாட்டில நூறுக்குத் தொண்ணூறுக்கு மேல வெளியில இருந்து வருகுது. எங்கட குளத்துத்தண்ணி நெல்லாகுது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் எண்டு கூட்டம் வைச்சு, குளத்தில நிக்கிற அடிக்கணக்கைப் பாத்துப் பங்கு பிரிக்கிற சனம் நாங்கள். நீரேரியை மறிச்சா அங்க இறால் பிடிச்சுச் சீவிக்கிற குடும்பங்களுக்கு என்ன வழி, சுண்டிக்குளத்துக்கு வாற பறவையளுக்கு என்ன எண்டதும் கேக்கவேண்டிய கேள்வியள். ஆனா அவையள் செய்த ஒழுங்கைப் பாருங்கோ. கட்டு கட்டுறதுக்கு முதல் 1977 ல தொடங்கி பத்து வருசம் சிங்கப்பூர் ஆத்தைத் துப்புரவாக்கினவை, பண்டிப் பட்டி, வாத்துப் பட்டி எல்லாம் எடுத்து, ஆத்தங்கரை வியாபாரியளுக்கு வேற இடம் குடுத்து. முதல் மேல்பக்கம், பேந்துதான் வாய். எங்கட பக்கத்தில கனகராயன் ஆத்தில மண் அள்ளுறதை நிப்பாட்டாம கீழ என்ன கட்டினாலும் மண்தான் வந்து நிரம்பும்.

பிஷான் பூங்காவில இன்னொண்டு பாத்தம். கல்லாங் ஆத்தை முந்தி நேரா சீமெந்துக் கானாக்கி வைச்சிருந்தவை, 2.7 கிலோமீற்றர். 2012 ல அந்தச் சீமெந்தை உடைச்செறிஞ்சு வளைஞ்சு வளைஞ்சு ஓடுற ஆறாத் திருப்பி விட்டிருக்கினம், இப்ப 3.2 கிலோமீற்றர். கரையில புல்லும் கல்லும், சின்னப்பிள்ளையள் காலை நனைக்குதுகள், நீர்நாய்க் குடும்பம் ஒண்டு மீன் பிடிச்சுத் திண்டுகொண்டிருந்துது. எங்கட வாய்க்காலெல்லாத்துக்கும் சீமெந்து பூசுறதை அபிவிருத்தி எண்டு சொல்லேக்க இதையும் ஒருக்கா யோசிக்கலாம்.

காத்தோங் பக்கம் சிலோன் ரோட் எண்டே ஒரு ரோட் இருக்கு. அங்க செண்பக விநாயகர் கோயில். 1850 களில ஒரு குளக்கரையில செண்பக மரத்துக்குக் கீழ கிடந்த பிள்ளையாரை வைச்சுத் தொடங்கின கோயில், இலங்கைத் தமிழர் வளத்தது. அங்க குளம் இப்ப இல்லை, பிள்ளையார் இருக்கிறார். குளக்கட்டுப் பிள்ளையாருக்குப் பொங்கிப்போட்டு வயலுக்கு இறங்கிற எங்களுக்கு இதைவிடச் சொந்தமான இடம் அந்த நகரத்தில வேற இல்லை. பூசைக்கு நிண்டவையோட அப்பா கதைச்சவர், மூண்டு நாலு தலைமுறைக்கு முதல் யாழ்ப்பாணத்தில இருந்து ரயில்வேக்கும் கந்தோர் வேலைக்கும் போன ஆக்களின்ர பேரப்பிள்ளையள். சிங்கப்பூரின்ர முதல் வெளிநாட்டமைச்சர், 1966 ல அவையின்ர தேசிய உறுதிமொழியை எழுதின எஸ். ராஜரத்தினமும் 1915 ல யாழ்ப்பாணத்தில பிறந்தவர்தான். அப்பா இதைக் கேட்டு நல்லா நிமிந்து இருந்தார்.

எங்கட பக்கத்தில இருந்து போற ஆக்கள் மெரினா பராஜை விட்டிடாதேங்கோ. உள்ளுக்குப் போகக் காசில்லை. மேல புல்லுப்போட்ட கூரையில பட்டம் விடுவினம், பின்னேரம் போனா வெயில் குறைவு. கார்டன்ஸ் பை த பே ஸ்டேஷனில இறங்கினா நடந்து போகலாம். கமக்காரர் அமைப்பில இருக்கிற ஆரும் போனா கதவும் பம்பும் இருக்கிற பக்கத்தை நிண்டு பாருங்கோ. நாங்கள் 1868 ல கட்டி முடிச்ச மக்ரிச்சி நீர்த்தேக்கத்துக்குப் போகேல்லை, அதுதான் அங்கத்த முதல் குளம், காட்டுக்கு நடுவில இருக்காம். அப்பா இப்பவே அடுத்த சிறுபோகம் முடியட்டும் எண்டு சொல்லத் தொடங்கீட்டார்.