இரவுப் பணியில் மூன்று படங்கள்

வேலூரில், காந்தி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் லாட்ஜில் நான் இரவு மேனேஜர். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களை நம்பித்தான் எங்கள் பிழைப்பு. அவர்களில் மேற்கு வங்கத்துக்காரர்கள் அதிகம். பதினொரு மணிக்குமேல் சாவி கேட்டு யாரும் வரமாட்டார்கள். காட்பாடியில் ரயிலிறங்கி ஆட்டோ பிடித்து வருகிறவர்கள் வந்து சேர விடியற்காலை ஆகிவிடும். நடுவே கிடைக்கும் நேரத்தில்தான் கைபேசியில் படம் பார்ப்பேன். ஊரே பேசி முடித்த பிறகுதான் ஒரு படம் என் கைக்கு வரும். அதனால் இதை விமர்சனம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

'கொட்டுக்காளி'யை இரண்டு இரவுகளாகப் பார்த்தேன். பின்னணி இசையே இல்லாத படம். முதல் பத்து நிமிடம் கைபேசியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ஒலியைக் கூட்டிக்கொண்டே போனேன். ஆட்டோ இரைச்சல் லாட்ஜ் முழுக்கக் கேட்டது. காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, குடும்பமே அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கரகரத்த குரலில் சூரி கத்துகிறார். அந்தப் பெண்ணாக வரும் அன்னா பென் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை.

இது நான் தினமும் பார்க்கிற காட்சி. எங்கள் வாசலில் வந்து நிற்கும் ஆட்டோவில் ஆறு பேர் இருந்தால் ஐந்து பேர் பேசுவார்கள். வாடகை, வெந்நீர், டாக்டர் சீட்டு என்று எல்லாவற்றையும் அவர்களே கேட்பார்கள். நடுவில் ஒருவர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்காகத்தான் அத்தனை பேரும் வந்திருப்பார்கள். இயக்குநர் வினோத்ராஜ் இதை எங்கே உட்கார்ந்து பார்த்தாரோ! முடிவைச் சொல்லாமல் படத்தை நிறுத்திவிட்டார் என்று என் மகனுக்குக் கோபம். எனக்கு அதில் குறையே தெரியவில்லை. என் லாட்ஜில் அறையைக் காலி செய்துவிட்டுப் போகிறவர்களின் முடிவும் எனக்குத் தெரிவதில்லையே.

'லப்பர் பந்து' வீட்டில் எல்லோருமாகப் பார்த்த படம். அட்டகத்தி தினேஷ் மட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து வரும்போது 1989-இல் வந்த 'பொன்மனச் செல்வன்' பாட்டு ஒலிக்கிறது. விஜயகாந்த் ரசிகனாக வளர்ந்த எனக்கு அதற்குமேல் படம் எப்படி இருந்தாலும் கவலையில்லை. நல்லவேளையாக நன்றாகவே இருந்தது. சாதியைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் மேடை போட்டுப் பேசவில்லை. தினேஷின் மனைவியாக வரும் சுவாசிகாவைப் பார்த்ததும் என் மனைவி, “என்னங்க, இவளுக்கு மட்டும் எல்லாம் புரிந்திருக்கிறது” என்றாள். எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

'மெய்யழக'னைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வெளியான சில நாட்களிலேயே நீளம் கருதி ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டினார்கள். நான் பார்த்தது வெட்டிய பிறகு உள்ள படம். இன்னும் பத்து நிமிடம் வெட்டியிருந்தாலும் எனக்குச் சம்மதமே. கார்த்தி சில இடங்களில் மூச்சு விடாமல் பேசுகிறார். ஆனால் கதையின் முடிச்சு இருக்கிறதே, அது என் தொழிலின் முடிச்சு. சொந்த ஊர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போகிற அரவிந்த்சாமியை, கார்த்தி “அத்தான், அத்தான்” என்று சுற்றிச் சுற்றி வருகிறார். அவர் பெயர் அரவிந்த்சாமிக்கு ஞாபகமில்லை. கேட்கவும் கூச்சம். அந்தக் கூச்சத்திலேயே ஓர் இரவு முழுக்கப் பேசிவிட்டு, விடியுமுன் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடுகிறார். விட்டுப்போன ஒரு பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருப்பதும் அவருக்குத் தெரியாது.

படம் பார்த்த அடுத்த வாரமே எனக்கும் அது நடந்தது. விடியற்காலை நாலே முக்கால். ஒரு வங்காளத்துக்காரர் மனைவியோடு வந்து இறங்கி, “தாதா!” என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். (அவர்கள் மொழியில் அண்ணன் என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் அப்படிக் கூப்பிட்டபோது, என்னை ரவுடி என்கிறாரே என்று முறைத்திருக்கிறேன்.) நாலு வருடத்துக்கு முன்பு, மாடி ஏற முடியாத அவர் மனைவிக்காக நள்ளிரவில் கீழ் அறை மாற்றிக் கொடுத்தேனாம். பையிலிருந்து பனைவெல்லம் எடுத்துக் கொடுத்தார். எனக்கு அந்த இரவும் நினைவில்லை, அவரும் நினைவில்லை.

அரவிந்த்சாமிக்கு இல்லாத வசதி ஒன்று எனக்கு இருக்கிறது. “ஆதார் அட்டை கொடுங்கள், பதிவேட்டில் எழுத வேண்டும்” என்றேன். அட்டையைப் பார்த்துப் பெயரைத் தெரிந்துகொண்டு, ஏதோ முன்பே தெரிந்தவன் மாதிரி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மனிதர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். “உங்கள் பழைய அறையையே தருகிறேன்” என்று வீறாப்பாக 104-ஆம் எண் சாவியை எடுத்து நீட்டினேன்.

அவர் சாவியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். “107, தாதா” என்றார் மெதுவாக.